ராக் பேண்ட்ல டிரம்மரா காலம் தள்றது எப்படி

1974ல நியூயார்க்ல வில்லேஜ் வாய்ஸ்னு ஒரு வாரப் பத்திரிகையில டிரம்மர் தேவைன்னு ஒரு விளம்பரம் வந்துச்சு, அதுல ஜூனியர் ஜிஞ்சர் பேக்கர்லாம் வேண்டாம்னு போட்டிருந்தாங்க. ஜிஞ்சர் பேக்கர் யாருன்னா க்ரீம் பேண்டோட டிரம்மர், ரெண்டு கிக் டிரம் (காலால பெடல மிதிச்சு அடிக்கிற பெரிய டிரம்) வச்சுக்கிட்டு மேடையில பத்து நிமிஷத்துக்கு மேல சோலோ அடிக்கிற ஆளு, அந்தக் காலத்துல குச்சி எடுத்த பசங்கள்ல பாதி பேருக்கு அவரு தான் சாமி. விளம்பரம் கொடுத்தது ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன். அதப் பாத்துட்டு ஆடிஷனுக்குப் போன மேக்ஸ் வைன்பெர்க்குக்கு அப்ப 23 வயசு, செலக்ட் ஆனவரு, நடுவுல கொஞ்ச வருஷம் பேண்ட் கலைஞ்சு கிடந்தத விட்டா, அம்பது வருஷமா அங்க தான் உக்காந்திருக்காரு.

டிரம்ஸ் கத்துக்கிட்டு பேண்ட்ல சேரணும்னு என்கிட்ட வர்ற பசங்களுக்கு நான் முதல்ல சொல்றது இந்தக் கதையத் தான். நீங்க யூட்யூப்ல பாக்கிற வேகம், குச்சிய சுத்துறது, டபுள் பெடல்ல மிஷின் கன் மாதிரி அடிக்கிறது, இது எதுக்காகவும் ஒரு பேண்ட் உங்கள வருஷக்கணக்கா வச்சுக்காது. டெம்போ, அதாவது பாட்டோட வேகம், ஆடாம வாசிப்பானா, பாட்டக் கேட்டு வாசிப்பானா, நேரத்துக்கு வருவானா, கூட ஆறு மணி நேரம் வேன்ல உக்காந்து போக முடியுமா, இது தான் பாப்பாங்க. சோலோ வருஷத்துக்கு ரெண்டு தடவ கேப்பாங்க, அதுவும் கிட்டாரிஸ்டுக்கு ஸ்ட்ரிங் அறுந்தா.

சரி, எங்க ஆரம்பிக்கணும்?

கிட், அதாவது முழு டிரம் செட், வாங்காதீங்க. முதல்ல ஒரு ப்ராக்டீஸ் பேட், ஒரு ஜோடி 5ஏ ஸ்டிக், போன்ல ஒரு மெட்ரோனோம் ஆப், இது போதும். 5ஏ நடுத்தர தடிமன், எல்லாத்துக்கும் ஒத்து வரும், கை பெருசா இருந்தா இல்ல ரொம்ப ஹெவியா வாசிக்கிற பேண்ட்னா அப்புறமா 5பி போய்க்கலாம். மெட்ரோனோம நிமிஷத்துக்கு 60 க்ளிக்ல வச்சு சிங்கிள் ஸ்ட்ரோக் (கை மாத்தி மாத்தி ஒவ்வொரு அடி), டபுள் ஸ்ட்ரோக் (ஒரு கைக்கு ரெண்டு அடி), பாரடிடில் (வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது), ஃப்ளாம் (ரெண்டு கையும் கிட்டத்தட்ட ஒட்டி விழற அடி), இந்த நாலையும் தினம் அரை மணி நேரம் அடிங்க. சர்வதேச லிஸ்ட்ல மொத்தம் 40 ரூடிமென்ட், அதாவது இந்த மாதிரி அடிப்படைக் கைப்பாடம், இருக்கு, ஆனா ராக் வாசிக்க இந்த நாலு சுத்தமா வந்தாலே முக்கால்வாசி ஃபில் (பாட்டு வரிக்கு நடுவுல நிரப்பி அடிக்கிற துண்டு) கைக்கு வந்துரும். 60 ரொம்ப ஸ்லோவா இருக்கேன்னு தோணும், ஸ்லோவுல தான் கஷ்டம், ரெண்டு அடிக்கு நடுவுல இருக்கிற அந்த வெத்து இடத்துல தான் கை அவசரப்படும். நிர்வானா பேண்ட் டிரம்மர் டேவ் க்ரோல் சின்ன வயசுல கிட் இல்லாம தலகாணிய வச்சு அடிச்சு தான் பழகுனாரு, தலகாணியில ஸ்டிக் திரும்ப எழும்பாது, ஒவ்வொரு அடிக்கும் கையால தூக்கணும், அந்த பலம் தான் பின்னாடி அவரு அடிக்கிற அடியில தெரிஞ்சது.

அடுத்த கட்டம் மெட்ரோனோம குறைக்கிறது. முதல்ல நாலு பீட்டுக்கும் க்ளிக் வச்சு வாசிக்கறீங்க இல்ல, அப்புறம் 2லயும் 4லயும் மட்டும் க்ளிக் வர்ற மாதிரி வைங்க, அதாவது ஸ்நேர் (உங்க மடிக்கு நேரா இருக்கிற டிரம்) விழற இடத்துல மட்டும். அது செட் ஆனதும் ஒரு பாருக்கு, அதாவது நாலு பீட்டுக்கு, ஒரே ஒரு க்ளிக். அந்த ஒரு க்ளிக்குக்கு நீங்க சரியா வந்து விழறீங்கன்னா டைம் உங்க உடம்புக்குள்ள வந்துருச்சுன்னு அர்த்தம். இத போன்ல ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்க, வாசிக்கும்போது சூப்பரா தான் தெரியும், ஃபில் முடிஞ்சு திரும்பி க்ரூவுக்கு, அதாவது பாட்டு பூரா ஓடற பீட்டுக்கு, வரும்போது வேகம் கூடி ஓடியிருப்பீங்க, எல்லாரும் அங்க தான் ஓடுவாங்க.

அபார்ட்மென்ட்ல இருக்கறவங்க எலக்ட்ரானிக் கிட் வாங்கிட்டா சத்தமே வராதுன்னு நினைக்கிறாங்க. அதுல இருக்கிற வலைத்துணி மாதிரி மெஷ் பேட்ல கையோட சத்தம் வராது, உண்மை தான், ஆனா கிக் பெடல மிதிக்கிற அதிர்வு நேரா தரைக்குள்ள எறங்கி கீழ் வீட்டு சீலிங்ல தொம் தொம்னு கேக்கும், கீழ் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து கதவ தட்டுவாரு. ரெண்டு ப்ளைவுட் ஷீட்டுக்கு நடுவுல டென்னிஸ் பால பாதி புதைச்சு வரிசையா வச்சு ஒரு மேடை கட்டி அது மேல கிட்ட போடுங்க, உலகம் பூரா டிரம்மர்கள் பண்ற வேலை, செலவும் கம்மி. அக்கௌஸ்டிக் கிட் (கரண்ட் இல்லாத சாதாரண டிரம்ஸ்) தான் வேணும்னா வாரம் ரெண்டு தடவ ஜாம் ரூம், அதாவது வாடகைக்கு விடற ப்ராக்டீஸ் ரூம், புக் பண்ணி அங்க வாசிங்க, முதல் ஒரு மணி நேரம் தனியா, மீதி பேண்டோட.

காதப் பத்தி இங்கயே சொல்லிடறேன், கடைசில சொன்னா யாரும் படிக்க மாட்டாங்க. அமெரிக்காவுல தொழிலாளர் பாதுகாப்புக்குன்னு இருக்கிற கணக்குப்படி 85 டெசிபல்ல எட்டு மணி நேரம் இருக்கலாம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், அப்படிப் பாத்தா 100 டெசிபல்ல 15 நிமிஷம் தான். சின்ன ரூம்ல டிரம் கிட் சாதாரணமா 100ஐத் தாண்டும், க்ராஷ் சிம்பல் உங்க காதுக்கு ரெண்டு அடி தள்ளி தான் இருக்கு. காதுக்குள்ள கொய்ங்னு சத்தம் ஆரம்பிச்சா அது போகாமலே கூட இருந்துரலாம். மியூசிஷியன் இயர்ப்ளக்னு விக்கிறாங்க, எல்லா ஃப்ரீக்வென்ஸியும் ஒரே மாதிரி குறையும், முதல் நாள்லேர்ந்தே போடுங்க.

வாசிக்கிறது எப்படிங்கறத விட கேக்கறது எப்படி

ராக் டிரம்மர் ஆகணும்னா ராக் மட்டும் கேட்டா பத்தாது. ரோலிங் ஸ்டோன்ஸோட சார்லி வாட்ஸ் அடிப்படையில ஜாஸ் ஆளு. 1963ல சேந்து 2021ல சாகற வரைக்கும் அதே பேண்ட். பெரிய பெரிய ஸ்டேடியத்துல கூட நாலு டிரம் இருக்கிற சின்ன க்ரெட்ச் கிட் தான். அவரு வீடியோ ஒண்ண எடுத்து சவுண்ட ஆஃப் பண்ணிட்டு வலது கைய மட்டும் பாருங்க. ஹை-ஹாட்ல (ஸ்டாண்டுல ஒண்ணு மேல ஒண்ணா இருக்கிற ரெண்டு சிம்பல்) பாருக்கு எட்டு எட்டா போய்க்கிட்டு இருக்கும், 2லயும் 4லயும் இடது கை ஸ்நேர் மேல இறங்கும்போது வலது கை ஹை-ஹாட்ட விட்டு மேல தூக்கிரும், அந்த இடத்துல ஹாட் அடிக்க மாட்டாரு. அதனால ஸ்நேர் தனியா, சுத்தமா கேக்கும், பாட்டு லேசா மூச்சு விடற மாதிரி இருக்கும். நாமெல்லாம் ரெண்டு கையும் சேத்து தான் அடிப்போம். ஒரு நாள் பூரா அத மட்டும் ட்ரை பண்ணிப் பாருங்க, கை கேக்காது, ஆனா ஒரு டிரம்மரோட ஸ்டைல்னா என்னன்னு புரியும்.

பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ இடது கைக்காரர், ஆனா வலது கைக்காரங்க கிட்ல உக்காந்து வாசிச்சாரு, அதனால அவரு ஃபில் எல்லாம் ஆரம்பிக்கிற இடமும் போற திசையும் வேற மாதிரி இருக்கும், வேற யாராவது அதே மாதிரி வாசிக்கப் போனா கை பின்னிக்கும். டேவ் க்ரோல் தன்னோட நிர்வானா பீட் நிறைய டிஸ்கோ, ஃபங்க் டிரம்மர்கள்கிட்ட இருந்து எடுத்தது தான்னு அவரே சொல்லியிருக்காரு. நம்ம ஊர்ல பொறந்து வளந்துட்டு தவில் காதுல விழாம இருக்க முடியாது, மிருதங்கம் கேட்டு வளந்தவனுக்கு கோர்வை எங்க போய் முடியும்ங்கிற கணக்கு ரத்தத்துலயே இருக்கும், அத ராக் ஃபில்லுக்குள்ள கொண்டு வாங்க, வேணாம்னு யாரும் சொல்லல. சிவமணிய எதுக்கு எல்லாருக்கும் பிடிக்குதுன்னு நினைக்கறீங்க? அவரு, ரஹ்மான் எல்லாம் சின்ன வயசுல ரூட்ஸ்னு ஒரே பேண்ட்ல வாசிச்சவங்க.

பாட்டு கேக்கும்போது பேஸ் கிட்டார மட்டும் பிடிச்சுக்கிட்டே போய்ப் பழகுங்க. உங்க கிக்கும் பேஸ் கிட்டாரும் ஒண்ணா விழுந்தா தான் கேக்கறவன் நெஞ்சுல இடிக்கும். புது பேண்ட்ல சேந்தீங்கன்னா மத்தவங்க வர்றதுக்கு முன்னாடி நீங்களும் பேஸ் வாசிக்கறவரும் மட்டும் ஒரு மணி நேரம் வாசிங்க, கிட்டார் இல்ல, பாட்டு இல்ல, வெறும் நாலு பார் திரும்பத் திரும்ப. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிக்கிற இடம் ஒண்ணு வரும், அன்னிக்கு விட்டுட்டு டீ குடிக்கப் போயிடலாம்.

பேண்ட் கிடைக்கிறது

ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு இருக்கிற பேண்ட்ல போய் ஆடிஷன். 1970ல ஜெனிஸிஸ் பேண்டுக்கு டிரம்மர் தேவைன்னு மெலடி மேக்கர் பத்திரிகையில விளம்பரம் பாத்துட்டு ஃபில் காலின்ஸ் போனாரு, ஆடிஷன் பீட்டர் கேப்ரியலோட அப்பா அம்மா வீட்டுல. சீக்கிரமே போயிட்டதால முறை வர்ற வரைக்கும் நீச்சல் குளத்துல நீந்துங்கன்னு விட்டுட்டாங்க, இவரு தண்ணிக்குள்ள இருந்துக்கிட்டே முன்னாடி போனவங்க எல்லாரும் வாசிச்சத கேட்டு, என்ன பீஸ், எங்க தப்பு பண்றாங்கன்னு மனசுல ஏத்திக்கிட்டு அப்புறமா போய் உக்காந்தாரு. சீக்கிரம் போங்கன்னு நான் சொல்றதுக்கு இத விட நல்ல காரணம் வேணுமா? ஆடிஷனுக்கு கொடுத்த பாட்ட ரெக்கார்டிங்ல என்ன டெம்போவோ அதே டெம்போவுல, அதே ஃபில்லோட வாசிங்க, உங்க சரக்கு எல்லாத்தையும் முதல் பாட்டுலயே காட்டாதீங்க. நடுவுல பாடகர் ஒரு வரிய மறந்து சுத்திட்டு வந்தா நீங்களும் சுத்திட்டு வாங்க, அத தான் உண்மையில அவங்க பாத்துக்கிட்டு இருப்பாங்க. ஒரு பேப்பர்ல பாட்டோட எலும்பு எழுதி வச்சுக்கோங்க, இன்ட்ரோ 4 பார், வெர்ஸ் 16, கோரஸ் 8, இங்க ஸ்டாப், இங்க ரைடு சிம்பலுக்கு மாறணும், அவ்வளவு தான், நொட்டேஷன் தெரியணும்னு கட்டாயம் இல்ல.

ரெண்டாவது வழி எனக்குப் பிடிச்சது, நீங்களே ஆரம்பிக்கிறது. 1976ல டப்ளின்ல ஒரு ஸ்கூல் நோட்டீஸ் போர்டுல பேண்ட் ஆரம்பிக்க ஆள் தேவைன்னு சீட்டு ஒட்டுன லாரி முல்லன் ஒரு டிரம்மர், அந்த பேண்ட் தான் யூ2. 1981ல லாஸ் ஏஞ்சலஸ்ல பேப்பர்ல விளம்பரம் கொடுத்து ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட கண்டுபிடிச்ச லார்ஸ் உல்ரிக் ஒரு டிரம்மர், அது மெட்டாலிகா. 1977ல போலீஸ் பேண்ட ஆரம்பிச்ச ஸ்டூவர்ட் கோப்லாண்டும் டிரம்மர். இதுல ஒரு லாஜிக் இருக்கு, எல்லா ஊர்லயும் கிட்டாரிஸ்ட் தெருவுக்கு நாலு பேர் இருப்பான், டிரம்மரும் டிரம்ஸ் வைக்க இடமும் தான் கிடைக்காது. அது ரெண்டும் உங்க கையில இருந்தா மத்தவங்க தானா வருவாங்க. சென்னையில சர்ச்சுல வாசிக்கிற பசங்க, காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல வாசிக்கிற பசங்க, மெல்லிசைக் குழுவுல வாசிக்கறவங்க, இந்த மூணு இடத்துல தேடுனா ஆள் கிடைக்கும். அதுலயும் சர்ச் பசங்க வாரா வாரம் ஆள் முன்னாடி வாசிச்சு பழகுனவங்க, வால்யூம் குறைச்சு வாசிக்கத் தெரிஞ்சவங்க, அது லேசுல வராது.

சேந்துட்டீங்க, அதோட முடிஞ்சதுன்னு இல்ல. பேண்ட்ல முதல்ல மாத்துறது டிரம்மரத் தான். பீட்டில்ஸ் 1962 ஆகஸ்ட்ல பீட் பெஸ்ட எடுத்துட்டு ரிங்கோவ கொண்டு வந்தாங்க, வந்து ஒரு மாசத்துக்குள்ள முதல் சிங்கிள் ரெக்கார்டிங், ரிங்கோ வாசிச்ச டேக் ப்ரொட்யூஸர் தரப்புக்கு திருப்தி இல்லாம அடுத்த வாரம் ஆண்டி ஒயிட்னு ஒரு செஷன் டிரம்மர (ரெக்கார்டிங்குக்கு மட்டும் காசுக்கு வந்து வாசிக்கறவர்) வர வச்சு வாசிக்க வச்சு ரிங்கோ கையில டாம்பரின கொடுத்துட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு எரிஞ்சிருக்கும். அவரு டாம்பரின ஆட்டிட்டு பேசாம இருந்தாரு, அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ஸ்டுடியோவுல உங்க ட்ராக்க எடுத்துட்டு ப்ரோக்ராமிங் போடுவாங்க, வேற ஆள வாசிக்க வைப்பாங்க, எந்த டிரம்மருக்கும் ஒரு தடவையாவது நடக்கும், அன்னிக்கு சண்டை போட்டுட்டு குரூப்ப விட்டு எக்ஸிட் ஆகாதீங்க. என்ன பிடிக்கலன்னு கேளுங்க, சவுண்டா, டைமா, பார்ட்டான்னு. பல நேரம் அது டிரம் ட்யூனிங்கா தான் இருக்கும்.

ட்யூனிங்

இத நிறைய பேர் கத்துக்கறதே இல்ல, அதனால கொஞ்சம் விளக்கமா. பழைய ஹெட்ட (டிரம்மோட தோல்) கழட்டிட்டு ஷெல்லோட (டிரம்மோட கூடு) ஓரத்த துணியால துடைங்க, புது ஹெட்ட வச்சு ரிம்ம போட்டு எல்லா போல்ட்டையும் விரலால முடிஞ்ச வரைக்கும் டைட் பண்ணுங்க. அதுக்கப்புறம் தான் சாவி. ஒரு போல்ட்ட கால் சுத்து, அடுத்தது அதுக்கு நேர் எதிர்ல இருக்கிறது கால் சுத்து, இப்படி எதிர் எதிரா போகணும், பக்கத்துல பக்கத்துல போனா ஹெட் ஒரு பக்கமா கோணிக்கும். சுருக்கம் போனதும் நடுவுல விரல லேசா வச்சுக்கிட்டு ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு இன்ச் உள்ள தள்ளி ஸ்டிக்கால தட்டுங்க, எல்லா இடத்துலயும் ஒரே சுருதி வரணும், ஒண்ணு இறங்கி இருந்தா அது மட்டும் கொஞ்சம் ஏத்துங்க. கீழ் ஹெட்ட மேல் ஹெட்ட விட கொஞ்சம் டைட்டா வச்சா டாம் (ஸ்நேர், கிக் போக மீதி இருக்கிற டிரம்) நல்லா பாடும். ஸ்நேர் ரொம்ப கணகணன்னா ஓரத்துல ஒரு துண்டு டேப்ப மடிச்சு ஒட்டுனா போதும், பர்ஸ வைக்கிற ஆளுங்களும் உண்டு. கிக்குக்குள்ள ஒரு தலகாணி, பெடல் அடிக்கிற பக்கத்து ஹெட்ட லேசா தொட்ட மாதிரி. நம்ம ஊர் வெயிலும் ஈரக்காத்தும் சேந்து ஏசி ரூம்ல பண்ண ட்யூனிங்க ஓப்பன் கிரவுண்டுக்கு வந்ததும் மாத்திரும், அதனால ஷோவுக்கு அரை மணி முன்னாடி ஒரு தடவ தட்டிப் பாத்துருங்க.

லெட் ஸெப்பலின் டிரம்மர் ஜான் பானம் 26 இன்ச் கிக் வச்சிருந்தாரு, சாதாரண ராக் கிட்ல 22 தான் இருக்கும். அவ்வளவு பெரிய டிரம்ம நல்லா டைட்டா ட்யூன் பண்ணி வாசிச்சாரு. 1971ல வந்த லெட் ஸெப்பலின் நாலாவது ஆல்பத்தோட கடைசி பாட்டுக்கு ஹெட்லி கிரேஞ்ச்னு ஒரு பழைய வீட்டு ஹால்ல கிட்ட போட்டு, மேல மாடிப்படியில ரெண்டு மைக்க தொங்க விட்டு எடுத்தாங்க, டிரம் பக்கத்துல மைக்கே இல்ல. அந்த சவுண்ட எடுக்கணும்னு லட்சக்கணக்குல மைக் வாங்குறவங்க இருக்காங்க, அந்த சவுண்டுக்கு காரணம் கை, ட்யூனிங், ரூம், அப்புறம் தான் மைக்.

ஷோ அன்னிக்கு

அங்க ஒரு கிட் இருக்கும், அது எந்த நிலைமையில இருக்கும்னு கடவுளுக்குத் தான் தெரியும். அதனால உங்க ஸ்நேர், உங்க சிம்பல், உங்க கிக் பெடல், ஹை-ஹாட் க்ளட்ச் (மேல் சிம்பல கம்பியில பிடிச்சு வைக்கிற திருகு), ட்யூனிங் சாவி, சின்ன டப்பாவுல நாலஞ்சு விங் நட், ஃபெல்ட், ஸ்டிக் குறைஞ்சது அஞ்சு ஜோடி, துண்டு, டேப். க்ளட்ச ஏன் தனியா சொல்றேன்னா பாட்டு நடுவுல லூஸாகி மேல் ஹாட் பொத்துனு கீழ விழுந்தா அந்த பாட்டு முடியற வரைக்கும் நீங்க ரைடுலயே தான் வாசிக்கணும்.

மேடை ப்ளைவுட்ல போட்டிருப்பாங்க, மேல ஒரு வழவழா துணி விரிச்சிருப்பாங்க. மூணாவது பாட்டுல கிக் டிரம் மெதுவா முன்னாடி நகர ஆரம்பிக்கும், நீங்க ஒவ்வொரு மிதிக்கும் காலை நீட்டிக்கிட்டே போவீங்க, ஒரு கட்டத்துல ஸ்டூல் நுனிக்கு வந்துருவீங்க. பின்பக்கம் ரப்பர் ஒட்டுன கார்பெட் ஒண்ணு சொந்தமா வச்சுக்கோங்க, அதுல கிட் காலு வைக்கிற இடத்தையெல்லாம் டேப்பால மார்க் பண்ணிட்டா அஞ்சு நிமிஷத்துல செட் பண்ணலாம். கார்பெட் இல்லாத அன்னிக்கு ஒரு கயிற எடுத்து கிக் காலையும் நீங்க உக்காந்திருக்கிற ஸ்டூலையும் கட்டிருங்க, உங்க வெயிட்டே அத பிடிச்சுக்கும்.

செட் லிஸ்ட்ல ஒவ்வொரு பாட்டு பக்கத்துலயும் பிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு எத்தன பீட்னு, எழுதி வைங்க. மேடையில ஏறுனா நெஞ்சு படபடன்னு அடிக்கும், 120ல இருக்க வேண்டிய பாட்டு தானா 130க்கு போயிரும், பாடகர் பாவம் மூச்சு முட்டி திரும்பிப் பாப்பாரு. கவுண்ட் கொடுக்கறதுக்கு முன்னாடி கோரஸ மனசுக்குள்ள ஒரு வரி பாடிப் பாருங்க, வெர்ஸ பாடுனா ஏமாத்தும், கோரஸ் ஏமாத்தாது. அப்புறம் நாலு ஸ்டிக். கரண்ட் போயிட்டா நிப்பாட்டாதீங்க, மேடையில அந்த நேரம் சத்தம் இருக்கிற ஒரே ஆள் நீங்க தான், க்ரூவ பிடிச்சுக்கிட்டே இருங்க, ஜனம் கை தட்ட ஆரம்பிச்சுரும், ஜெனரேட்டர் வந்ததும் மத்தவங்க உள்ள வந்துருவாங்க.

ஷோ முடிஞ்சதும் லீட் கிட்டார் ஒரு பைய தோள்ல மாட்டிட்டு பிரியாணி சாப்பிட போயிருக்கும், நீங்க பதினோரு மணிக்கு விங் நட் கழட்டிட்டு இருப்பீங்க. இது மாறப் போறதில்ல. பேஸ்காரர ஃப்ரெண்டா வச்சுக்கோங்க, அவரு தூக்குவாரு.

காசு

இதப் பேச வெக்கப்படுவாங்க, அதனால தான் பின்னாடி சண்டை வருது. ராக் பேண்ட்ல நிரந்தர வருமானம் பாட்டு எழுதுனவங்களுக்கும் ட்யூன் போட்டவங்களுக்கும் தான், வாசிச்சவங்களுக்கு இல்ல. பாட்டுக்கு ராயல்ட்டி வசூல் பண்ணித் தர்ற நம்ம ஊர் ஐபிஆர்எஸ் அமைப்பு கூட கவிஞர், இசையமைப்பாளர், பப்ளிஷர்னு தான் ராயல்ட்டி பிரிக்கும், டிரம் பார்ட் எவ்வளவு பிரமாதமா இருந்தாலும் அந்த லிஸ்ட்ல பேர் இல்லன்னா ஒண்ணும் வராது. 1975ல குயீன் பேண்டோட ரொம்பப் பெரிய ஹிட் சிங்கிள் வந்துச்சு இல்ல, அந்த ரெக்கார்டோட பி சைடுல இருந்தது டிரம்மர் ரோஜர் டெய்லர் எழுதுன பாட்டு. சிங்கிள் வாங்கறவன் ரெண்டு பக்கத்தையும் சேத்து தானே வாங்கறான், அதனால முன் பக்கம் விக்க விக்க இவருக்கும் ராயல்ட்டி வந்துச்சு, அத வச்சு பேண்டுக்குள்ள உரசல் கூட ஆச்சு. ரஷ் பேண்ட்ல 1974ல சேந்த டிரம்மர் நீல் பியர்ட் வரிகள் எழுதறத கையில எடுத்துக்கிட்டாரு. ஆர்.ஈ.எம். பேண்ட்ல யாரு எழுதுனாலும் நாலு பேர் பேர்லயும் சமமா போட்டுக்கிட்டாங்க, அவ்வளவு வருஷம் ஒண்ணா இருந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்னு தான் எனக்குப் படுது.

நீங்க பண்ண வேண்டியது, ரெக்கார்டிங் போறதுக்கு முன்னாடி யாருக்கு எத்தன பர்சன்ட்னு பேசி பேண்ட் வாட்ஸ்அப் குரூப்ல எழுதிப் போட்டு எல்லாரையும் ஓகேன்னு சொல்ல வைக்கிறது. செஷனா போய் வாசிச்சா அது வேற, அன்னிக்கு காசு அன்னிக்கே, பேர் போடுவீங்களான்னு மட்டும் கேட்டுக்கோங்க.

அப்புறம், சொந்தப் பாட்டு பேண்ட் மட்டும் வச்சு வாடகை கட்டறது கஷ்டம், அதுல கௌரவக் குறைச்சல் எதுவும் இல்ல. பானம் அப்பாகிட்ட தச்சு வேலை பாத்தாரு, சார்லி வாட்ஸ் விளம்பரக் கம்பெனியில டிசைனரா இருந்தாரு, வைன்பெர்க் ஆடிஷன் போனப்ப ஒரு இசை நாடகத்துக்கு வாசிச்சுக்கிட்டு இருந்தாரு. இங்க ட்ரினிட்டி, ராக்ஸ்கூல் கிரேடு எக்ஸாமுக்கு பசங்கள தயார் பண்றது ஒரு நல்ல வருமானம், எட்டாவது கிரேடு முடிச்சிருந்தீங்கன்னா பெத்தவங்க நம்பி அனுப்புவாங்க. கார்ப்பரேட் ஷோ, கல்யாண ரிசப்ஷன், பப்ல கவர் பேண்ட், எல்லாம் வாசிங்க. கல்யாணத்துல ஆயிரம் பேர் சாப்பிட்டுட்டு இருக்கும்போது யாரையும் தொந்தரவு பண்ணாம க்ரூவ் போடறது ஸ்டேடியத்துல அடிக்கிறத விட கஷ்டம்.

உடம்பு

ஸ்டூல் உயரம் தொடை தரைக்கு லேசா சரிஞ்ச மாதிரி இருக்கணும், முட்டி இடுப்ப விட மேல வரக் கூடாது. ஸ்டிக்க இறுக்கிப் பிடிக்காதீங்க, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல பிடி, மத்த விரல் சும்மா தாங்கிக்கிட்டு இருக்கணும். வைன்பெர்க்குக்கு கையில டெண்டன் பிரச்சினை வந்து பல தடவ ஆபரேஷன் ஆச்சு. ஃபில் காலின்ஸ் கடைசி ஜெனிஸிஸ் டூர்ல நாற்காலியில உக்காந்து பாட மட்டும் தான் முடிஞ்சது, டிரம்ஸ்ல அவரு பையன் நிக் உக்காந்தான். நீல் பியர்ட் உலகம் பூரா கொண்டாடற டிரம்மரா இருக்கும்போதே நாப்பது வயசு தாண்டி ஃப்ரெடி க்ரூபர்னு ஒரு வாத்தியார்கிட்ட போய் உக்காந்து கை அசைவ மொத்தமா திரும்ப கத்துக்கிட்டாரு, வலிக்குதுன்னா டெக்னிக்க மாத்துங்க, தைலம் தேய்ச்சு சமாளிக்காதீங்க. குடிய பத்தி ஒரே வரி, தி ஹூ பேண்ட் டிரம்மர் கீத் மூன் குடிய விடறதுக்குக் கொடுத்த மாத்திரைய அளவுக்கு மேல போட்டு 1978ல செத்தாரு, பானம் குடிச்சே 1980ல செத்தாரு, ரெண்டு பேருக்கும் வயசு 32.

ஒரு நல்ல பேண்ட்னா எப்படி இருக்கும்னு தெரியணும்னா டெஃப் லெப்பர்ட் பேண்டோட டிரம்மர் ரிக் ஆலன பாருங்க. 1984 டிசம்பர் 31 கார் விபத்துல இடது கை போயிருச்சு. பேண்ட் வேற ஆள போடல, காத்துக்கிட்டு இருந்தாங்க. அவரு இடது கை பண்ண வேலைய இடது காலுக்கு மாத்தி, பெடல்ல எலக்ட்ரானிக் ஸ்நேர் அடிக்கிற மாதிரி ஒரு கிட் செஞ்சு 1986ல இங்கிலாந்துல டோனிங்டன் ராக் திருவிழா மேடைக்கு வந்தாரு. அடுத்த வருஷம் வந்த ஆல்பம் தான் அவங்க கேரியர்லயே பெருசா ஓடுனது.

விலகுற நேரம் வந்தா ஒழுங்கா விலகுங்க. ஆர்.ஈ.எம். டிரம்மர் பில் பெர்ரிக்கு 1995ல ஸ்விட்சர்லாந்துல மேடையிலயே மூளை ரத்தக்குழாய் பிரச்சினையாகி, தேறி வந்து டூர முடிச்சு, 1997ல போறேன்னு சொன்னாரு, ஆனா நான் போறதால பேண்ட் கலையும்னா போக மாட்டேன்னும் சேத்தே சொன்னாரு. நாம அவ்வளவு பெரிய ஆளு இல்ல, இருந்தாலும் புக் ஆன ஷோவெல்லாம் முடிச்சுக் கொடுங்க, பிபிஎம் எழுதின செட் லிஸ்ட், ஸ்டாப் எங்க வருதுன்னு குறிச்ச பேப்பர், க்ளிக் ட்ராக் ஃபைல் எல்லாத்தையும் புதுசா வர்ற டிரம்மர்கிட்ட கொடுங்க, ஒரு ரிகர்சலுக்கு கூடப் போய் உக்காருங்க. வர வேண்டிய பாக்கி காச அன்னிக்கே கேட்டு வாங்கிடுங்க. ஜாம் ரூம்ல உங்க க்ளட்ச் ஒண்ணு கண்டிப்பா கிடக்கும், அத எடுத்துட்டு வந்துருங்க.